31 மெகாபைட் பிடிஎஃப்பை 2 மெகாபைட்டுக்குள் கொண்டுவருவது: முதன்முறையாக ஆவணம் அனுப்புவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்ற வருடம் என் மகள் ஒரு பயிற்சி நெறிக்கு இணையம் வழியாக விண்ணப்பித்தாள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் இரு பக்கங்கள், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைச் சான்றிதழ், வதிவிடச் சான்று, நான்கு உறுதிமொழிப் படிவங்கள் என்று எல்லாமாக 14 பக்கம். இலங்கையின் கிழக்குக் கரையோரத்திலுள்ள தம்பிலுவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறிப் போய், ஒரு கடையில் ஸ்கேன் செய்துகொண்டு வந்தோம். வீட்டில் உட்கார்ந்து பதிவேற்றினால், 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. எங்கள் கோப்பு 31 மெகாபைட். முடிவுத் திகதிக்கு ஒன்றரை நாள்தான் மிச்சம்.

மறுநாள் காலை மறுபடியும் கடைக்குப் போனோம். இந்தத் தடவை கடைக்காரர் புதிதாக ஸ்கேன் செய்து, ஓர் இணையத் தளத்தில் போட்டு 1.4 மெகாபைட்டாக நசுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது அடையாள அட்டை இலக்கமே வாசிக்க முடியாமல் கரைந்திருந்தது. மகள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்றாவது தடவை, அயலில் கணினி தெரிந்த ஒருவரிடம் கேட்டு ஒரு சிறு தாளில் எழுதிக்கொண்டு போய், அதன்படி ஸ்கேன் செய்வித்தோம். கோப்பு 1.7 மெகாபைட்டில் நின்றது, எழுத்தும் தெளிவாக இருந்தது. இரவு 11 மணிக்கு அனுப்பினோம். பக்கத்துக்கு 40 ரூபாய்ப்படி ஒரு தடவைக்கு 560, மூன்று தடவைக்கு 1680 ரூபாய். பஸ் காசு வேறு.

அந்தச் சிறு தாளில் இருந்ததையும் அதன் பின்னர் நான் கற்றுக்கொண்டதையும் கீழே விரித்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோப்பின் அளவு பெரும்பாலும் ஸ்கேன் செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. தவறாக எடுத்ததைப் பிறகு நசுக்கினால் எழுத்துத்தான் சாகிறது.

1. எல்லையைப் பாருங்கள், பக்கத்தால் வகுங்கள்

விண்ணப்ப அறிவித்தலில் மூன்று விடயங்களைத் தேடுங்கள். ஒரு கோப்பு எத்தனை மெகாபைட் வரை இருக்கலாம்? எல்லாம் ஒரே கோப்பாகவா, ஒவ்வோர் ஆவணமும் தனித்தனியாகவா? நிறத்தில் கேட்கிறார்களா? இந்த மூன்றும் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. எல்லை 2 மெகாபைட், பக்கம் 14 என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 140 கிலோபைட்தான் கிடைக்கும். எல்லை 5 மெகாபைட் என்றால் 350 கிலோபைட். 140 என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 350 என்றால் தாராளம். 2 மெகாபைட் என்று போட்டிருந்தால் 1.8ஐ உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாபைட்டைச் சில இடங்களில் 1000 கிலோபைட் என்றும் சில இடங்களில் 1024 என்றும் கணக்கிடுவார்கள். விளிம்பில் நிற்கும் கோப்பு திரும்பி வந்துவிடும்.

2. ஸ்கேன் செய்யத் தேவையில்லாததை ஒதுக்குங்கள்

சுயவிபரக் கோவையைக் கணினியில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, அந்தத் தாளை மறுபடி ஸ்கேன் செய்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அச்சுக்கு ஒரு காசு, ஸ்கேனுக்கு ஒரு காசு. கோப்போ பல மடங்கு பெருக்கிறது. வேர்டிலிருந்து நேராகப் பிடிஎஃப்பாகச் சேமித்த எழுத்துப் பக்கம் எழுத்தாகவே இருக்கும். அளவும் சிறியது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். கையொப்பம் வேண்டும் என்றால் கையொப்பமிட்ட கடைசிப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து மற்றவற்றோடு இணைத்துவிடுங்கள்.

இணையத்திலிருந்து பிடிஎஃப்பாகவே தரவிறக்கிய ஆவணத்தையும் அச்சிட்டு ஸ்கேன் செய்ய வேண்டாம். வந்த கோப்பை வந்தபடியே பாவியுங்கள்.

3. ஸ்கேன் செய்யும்போது சொல்ல வேண்டிய இரண்டு சொற்கள்

கடையில் போய் நின்று, "தம்பி, 200 டிபிஐ, கிரே, எல்லாம் ஒரே பிடிஎஃப்பாக வேண்டும்" என்று சொல்லுங்கள். பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் இறுக்கமானால் 200க்குப் பதில் 150 என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இயந்திரம் ஏற்கெனவே எந்த அமைப்பில் இருக்கிறதோ அதில்தான் எடுபடும். அது 300 டிபிஐ நிறமாகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம்.

டிபிஐ என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் வரும். 200 என்றால் 39 இலட்சம், 150 என்றால் 22 இலட்சம். டிபிஐயைப் பாதியாக்கினால் புள்ளிகள் பாதியாகவில்லை, காற்பங்காகிவிட்டன என்பதைக் கவனியுங்கள். நீளத்திலும் குறைகிறது, அகலத்திலும் குறைகிறது. 600 டிபிஐயில் ஒரு பக்கம் 3 கோடி 48 இலட்சம் புள்ளிகள். ஒரு வதிவிடச் சான்றுக்கு இது தேவையே இல்லை.

என் அனுபவத்தில் பக்கத்துக்கு 300 கிலோபைட்டுக்கு மேல் இடம் இருந்தால் 200 டிபிஐ நல்லது. இடம் 150 கிலோபைட் அளவில் இருந்தால் 150 டிபிஐ. அதற்குக் கீழே இறங்காதீர்கள். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பதிவாளர் கையால் நெருக்கி எழுதியிருப்பார். 100 டிபிஐயில் அந்த எழுத்து கூழாகிவிடும்.

அடுத்தது நிறம். கறுப்பு மையில் அச்சான, முத்திரையோ புகைப்படமோ இல்லாத பக்கத்தைத் தனிக் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம். அப்படிப்பட்ட பக்கம் 200 டிபிஐயில்கூட 50 கிலோபைட்டளவில் அடங்கிவிடும். எங்கள் நான்கு உறுதிமொழிப் படிவங்களை அப்படித்தான் எடுத்தோம். ஆனால் முத்திரை குத்திய ஆவணத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கவே கூடாது. நம் அலுவலகங்களின் முத்திரை பெரும்பாலும் நீலம் அல்லது ஊதா மை. மங்கிய முத்திரை கறுப்பு வெள்ளையில் ஒன்றில் காணாமல் போகும், அல்லது கறுத்துத் திட்டாகி அடியிலுள்ள கையொப்பத்தை மறைத்துவிடும். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி என்று யாருக்கும் காட்ட முடியாது. இவற்றுக்கு கிரேஸ்கேல், அதாவது சாம்பல் நிறம்.

நிறத்தைச் சாம்பலாக்கினால் அளவு மூன்றில் ஒன்றாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். படத்தை ஜேபெக் முறையில் சுருக்கும்போதே நிறத் தகவல் அதிகம் குறைக்கப்பட்டுவிடுவதால் நடைமுறையில் அவ்வளவு குறையாது. அதனால் நிறத்தில் கேட்டிருந்தால் தயங்காமல் நிறத்திலேயே எடுத்து, டிபிஐயைக் குறைத்துச் சமாளியுங்கள்.

கறுப்பு வெள்ளைப் பக்கங்களையும் சாம்பல் பக்கங்களையும் இரண்டு தடவையாக எடுத்துப் பின்னர் இணைக்க வேண்டும். கடையில் இதற்குச் சலித்துக்கொண்டால் பொறுமையாகக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

4. கைத்தொலைபேசியில் எடுப்பதானால்

கமெராவால் படமெடுத்து அப்படியே பிடிஎஃப்பாக மாற்றாதீர்கள். 12 மெகாபிக்சல் படம் ஒன்றே 3 முதல் 5 மெகாபைட் வரும். கூடவே மேசை விரிப்பு, விரல், நிழல் எல்லாம் சேர்ந்து வரும். நிழலும் துணியின் இழைகளும் படத்தின் அளவை வீணாகக் கூட்டுகின்றன. வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் கோப்பு தானாகவே சிறிதாகும். ஆகவே ஸ்கேன் செயலியைப் பாவியுங்கள். அன்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. அடோபி ஸ்கேனும் இலவசம். இவை தாளின் விளிம்பைக் கண்டுபிடித்து வெட்டி, பின்னணியை வெளுக்க வைத்துத் தரும்.

காலையில் திண்ணையிலோ ஜன்னலருகிலோ, நேர் வெயில் விழாத வெளிச்சத்தில் எடுங்கள். மின்குமிழுக்கு அடியில் நின்றால் உங்கள் தலையின் நிழல் தாளில் விழும். ஃபிளாஷ் வேண்டாம்.

லமினேட் செய்த ஆவணங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இந்தக் கரையோரம் முழுக்க வீட்டோடு சேர்த்துக் காகிதங்களையும் இழந்தோம். அதன் பிறகு எடுத்த சான்றிதழ்களையெல்லாம் எத்தனையோ பேர் லமினேட் செய்து வைத்திருக்கிறார்கள், நானும்தான். அந்தப் பளபளப்பு கமெராவில் வெள்ளைத் திட்டாக விழுந்து, சரியாக இலக்கத்தின் மேலேயே அமர்ந்துகொள்ளும். அவற்றை முடிந்தவரை தட்டை ஸ்கேனரில் கொடுங்கள். கைத்தொலைபேசிதான் வழி என்றால் ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, திட்டு மறையும் வரை தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். லமினேஷனைக் கிழிக்க முயல வேண்டாம், மை சேர்ந்து உரியும்.

5. பெரிய பிரதியை அழிக்காதீர்கள்

அனுப்புவதற்குச் சிறிய கோப்பு வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளப் பெரிய கோப்பு வேண்டும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, திருமணப் பதிவு ஆகியவற்றை ஒரு தடவை 300 டிபிஐ நிறத்தில் எடுத்து, பென் டிரைவில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். கூகுள் கணக்குக்கு 15 ஜிகாபைட் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு குடும்பத்தின் காகிதங்களுக்குத் தாராளமாகப் போதும். கணக்கின் கடவுச்சொல் மட்டும் பத்திரம். சிறிய பிரதி தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பெரியதிலிருந்து புதிதாக எடுங்கள். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால், போட்டோகொப்பியைப் போட்டோகொப்பி எடுத்ததுபோல் ஒவ்வொரு தடவையும் மங்கும்.

6. ஏற்கெனவே பெருத்த கோப்பு கையிலிருந்தால்

விண்டோஸ் கணினி என்றால் பிடிஎஃப்24 கிரியேட்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு தடவை நிறுவிவிட்டால் கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாமலே சுருக்கலாம், இணைக்கலாம், பிரிக்கலாம். சுருக்கும் பகுதியில் டிபிஐ, படத்தின் தரம் இரண்டையும் நீங்களே கொடுக்கலாம். 150, 75 என்று தொடங்குங்கள். அளவு இன்னும் கூடுதல் என்றால் முதலில் தரத்தை 60 வரை இறக்குங்கள், டிபிஐயைத் தொட வேண்டாம்.

மாக் கணினியில் பிரிவியூவில் திறந்து ஏற்றுமதி செய்யும்போது கோப்பைச் சிறிதாக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது சில சமயம் அளவுக்கு மீறி நசுக்கிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள்: அதில் ஈபுக் அமைப்பு 150 டிபிஐ, ஸ்கிரீன் அமைப்பு 72 டிபிஐ. ஈபுக்குக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இனி இணையத் தளங்கள். ஐலவ்பிடிஎஃப், ஸ்மோல்பிடிஎஃப் போன்றவை வேகமாகவும் நன்றாகவும் வேலை செய்கின்றன. ஐலவ்பிடிஎஃப்பில் மூன்று மட்டங்கள் வரும்; நடுவிலுள்ள பரிந்துரைக்கப்பட்ட மட்டத்தோடு நில்லுங்கள். ஆனால் உங்கள் கோப்பு வேறெங்கோ இருக்கும் ஒரு கணினிக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. குறிப்பிட்ட நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். இருந்தாலும் அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், வங்கிக் கணக்குப் புத்தகம், வைத்திய அறிக்கை உள்ள கோப்பை அங்கே ஏற்றுவதில்லை என்பது இப்போது எங்கள் வீட்டில் முடிவு. கோயிலின் வைகாசிச் சடங்கு அறிவித்தல், பாடக் குறிப்பு, கூட்ட அறிக்கை போன்றவற்றுக்கு அந்தத் தளங்களைத் தாராளமாகப் பாவியுங்கள்.

வேலைக்காகாத சில வழிகளும் உண்டு. பிடிஎஃப்பை ஸிப் செய்வதால் பயனில்லை; உள்ளே இருக்கும் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அளவு மிகக் கொஞ்சமே குறையும், ஸிப்பைப் பல தளங்கள் ஏற்பதும் இல்லை. படக் கோப்பின் பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்று மாற்றினால் அது பிடிஎஃப் ஆகாது, திறக்க முடியாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கடவுச்சொல் போட்ட கோப்பைக் கடவுச்சொல் நீக்காமல் சுருக்க முடியாது. டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப்பைச் சுருக்கினால் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். அதைத் தொடாமல் தனிக் கோப்பாக அனுப்புங்கள்.

7. வேர்டில் தயாரித்த கோப்பானால்

படங்கள் நிறைந்த அறிக்கைகளில்தான் இந்தப் பிரச்சினை. வேர்டில் ஒரு படத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். படத்தைத் தெரிவுசெய்து, படங்களைச் சுருக்கும் கட்டளைக்குப் போய், வெட்டிய பகுதிகளை நீக்கும் பெட்டியில் சரியிடுங்கள். இந்தப் படத்துக்கு மட்டும் என்ற பெட்டியின் சரியை எடுத்துவிடுங்கள். 150 என்ற அளவைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது குறைந்த அளவு என்ற தெரிவு கீழே இருக்கும். லிபரே ஒபிஸில் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியிலேயே ஜேபெக் தரமும் டிபிஐயும் இருக்கின்றன; 75, 150 என்று கொடுங்கள்.

நம் பக்கத்தில் இன்னும் பலர், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். சில மென்பொருள்களில் அளவைக் குறைக்க எழுத்துருவை நீக்கும் தெரிவு இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள். எழுத்துரு உள்ளே இல்லாமல் போனால், பாமினி இல்லாத கணினியில் உங்கள் தமிழ்க் கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தப் பயம் பெரிதும் குறையும்.

8. ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள்

கோப்பைக் கைத்தொலைபேசியில் திறந்து பெரிதாக்குங்கள். அடையாள அட்டை இலக்கம் முதலில்: பழையதானால் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதானால் 12 இலக்கம். 3ஐயும் 8ஐயும், 5ஐயும் 6ஐயும், 1ஐயும் 7ஐயும் பிரித்தறிய முடிகிறதா? அடுத்து பரீட்சைச் சுட்டெண், பிறப்புப் பதிவு இலக்கம், முத்திரையின் திகதி. கியூஆர் குறி இருந்தால் இன்னொரு கைத்தொலைபேசியால் திரையிலிருந்தே வாசித்துப் பாருங்கள்.

இதில் நான் மிகைப்படுத்தவில்லை. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், சில ஸ்கேன் இயந்திரங்கள் சுருக்கும்போது 6ஐ 8ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். எழுத்து மங்கவில்லை, தெளிவாகவே பிழையாக இருந்தது. ஆகவே மூல ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பிள்ளை வாசிக்க, நீங்கள் மூலத்தைப் பார்த்தால் 14 பக்கத்துக்குப் பத்து நிமிடம்.

9. அனுப்பும் வழி

கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ்ப் பெயர் சில தளங்களில் குறிகளாகச் சிதைந்து பதிவாகும். விண்ணப்பதாரரின் பெயரும் ஆவண வகையும் இருந்தால் போதும்.

ஜிமெயிலில் இணைப்புகளின் எல்லை மொத்தம் 25 மெகாபைட். அதற்கு மேல் போனால் கோப்பு கூகுள் டிரைவ் இணைப்பாக மாறிவிடும். பெறுபவருக்கு அனுமதி கொடுக்க மறந்தால் அவரால் திறக்க முடியாது. இன்னொன்று, மின்னஞ்சலில் போகும்போது கோப்பின் பாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். எதிர்ப்பக்கத்தில் எல்லை 10 மெகாபைட் என்றால் உங்கள் 8 மெகாபைட் கோப்பும் திரும்பி வரலாம், 7க்குள் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிகாபைட் வரை அப்படியே போகும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். வெளியூரிலிருக்கும் பிள்ளை சான்றிதழைப் படமாக அனுப்பி, அதை இங்கே பிடிஎஃப்பாக்கி விண்ணப்பித்தால் எழுத்து மங்கித்தான் இருக்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

10. எப்போது செய்வது, கடையை விட்டு வருமுன் என்ன செய்வது

முடிவுத் திகதிக்கு ஒரு கிழமைக்கு முன் ஸ்கேன், மூன்று நாட்களுக்கு முன் பதிவேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரம் போனால் கடையும் இல்லை, வீட்டு இணையமும் இல்லை. பதிவேற்ற வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட் (மெகாபைட்டில் எட்டில் ஒரு பங்கு) இருந்தால் 30 மெகாபைட் கோப்பு ஏற நான்கு நிமிடம் வேண்டும், 1.8 மெகாபைட்டுக்குப் பதினைந்து நொடி போதும். கடைசி நாளில் எல்லோரும் ஒரே தளத்தில் முட்டும்போது அந்த நான்கு நிமிடத்துக்குள் இணைப்பு அறுந்துவிடும்.

கடைக் கணினியில் செய்திருந்தால், எழுந்து வருவதற்கு முன் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குங்கள். ஜிமெயிலிலிருந்து வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் இணைத்திருந்தால், உங்கள் கைத்தொலைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்துக்குப் போய் அதை நீக்குங்கள். மூல ஆவணம் எதையும் ஸ்கேனர் மூடிக்கு அடியில் விட்டுவிடாமல், கொண்டுபோன எண்ணிக்கையும் கையிலிருக்கும் எண்ணிக்கையும் சரியா என்று அங்கேயே நின்று எண்ணுங்கள்.